மாதவிடாய் வயிற்றுவலிக்கு எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்: வன்னியில் வாழும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

மாதவிடாய் நாட்களில் அடிவயிறு வலிப்பது பெரும்பாலான பெண்களுக்கு இயல்பானதே. அந்த வலியில் எதை வீட்டிலேயே சமாளிக்கலாம், எதை வைத்தியரிடம் காட்ட வேண்டும், எதற்கு அந்த நேரமே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும் என்று பிரித்தறிவதுதான் கடினம். நகரத்தில் இருப்பவர்கள் இந்தத் தீர்மானத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை. நெடுங்கேணிக்கு உள்ளேயோ, துணுக்காய்க்கு அப்பாலோ, ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமம் ஒன்றிலோ இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. பின்னேரத்துக் கடைசி பஸ் போய்விட்டால், யானை நடமாடும் காட்டு வீதியில் இரவில் ஓட்டோ பிடிப்பது வலியைவிடப் பெரிய கவலையாகிவிடும். ஆகவே கீழே சொல்லப்படும் அடையாளங்களை வலி இல்லாத ஒரு நாளில் ஆறுதலாக வாசித்து வைத்துக்கொண்டு, வலி வரும் நாளில் பகல் வெளிச்சம் இருக்கும்போதே முடிவெடுப்பது நல்லது.

சாதாரண வலி எப்படி இருக்கும்?

பிள்ளை பெரியபிள்ளையாகி ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள், முட்டை வெளியேறும் மாதச் சுற்று ஒழுங்குக்கு வரும்போது, சாதாரண மாதவிடாய் வலியும் தொடங்குவது வழக்கம். இரத்தப்போக்கு தொடங்குவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்னரோ, தொடங்கியவுடனோ அடிவயிற்றின் நடுப்பகுதியில் பிடித்துப் பிடித்து வந்து, நாரிக்கும் தொடைகளுக்கும் பரவி, முதல் நாளில் உச்சத்தை அடைந்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் அது தானாகவே அடங்கிவிடும். அதனுடன் ஓங்காளமும், ஒன்றிரண்டு தடவை வாந்தியும், இளகிய மலமும், தலையிடியும், உடல் அசதியும் வரலாம். ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே நாட்களில், ஒரே இடத்தில் வந்து போவதுதான் இந்த வலியின் முக்கிய அடையாளம்.

கருப்பையின் உட்படலம் உரியும்போது புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் அங்கே சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுகச் சுருங்கச் செய்ய, அந்தத் தசைக்குப் போகும் இரத்தம் குறைந்து வலி எடுக்கிறது. அதே பொருள் குடலையும் தூண்டுவதால்தான் சிலருக்கு அந்த நாட்களில் வயிறு இளகிப் போகிறது. வலிக்கான குளிசைகள் எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பதை விளங்கிக்கொள்ள இந்தச் செய்தி உதவும் என்பதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொள்வது நல்ல பலன் தரும். சூடு தோலைச் சுட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மெதுவாக நடப்பதும் சிலருக்கு உதவும். இஞ்சித் தேநீரிலும் ஓமத் தண்ணீரிலும் தீங்கு இல்லை. உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் வளரும் பிள்ளைக்கு நல்ல சாப்பாடு, ஆனால் அவற்றை வலிக்கு மருந்து என்று நம்பி வைத்தியரிடம் போவதைத் தாமதிக்கக் கூடாது. குளிக்க வேண்டாம், தலை முழுக வேண்டாம் என்ற கட்டுப்பாடுகளுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

குளிசையை முறையாகப் போட்டுப் பார்த்தல்

"குளிசை போட்டும் கேட்கவில்லை" என்பது வைத்தியர் மிகவும் கவனமாக எடுத்துக்கொள்ளும் வார்த்தை. ஆனால் குளிசையை முறையாகப் போட்ட பின்னர் சொன்னால்தான் அந்த வார்த்தைக்குப் பெறுமதி உண்டு. நம் வீடுகளில் பொதுவாக நடப்பது என்னவென்றால், பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு அரை நாள் சுருண்டு கிடந்த பின்னர், தாங்கமாட்டாத கட்டத்தில் ஒரே ஒரு பனடோல் கொடுக்கப்படுகிறது. அது வேலை செய்யாவிட்டால் மருந்தே கேட்காத வலி என்று முடிவு கட்டப்படுகிறது.

இபுபுரோபன், மெபனமிக் அசிட் போன்ற குளிசைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே குறைக்கின்றன. ஏற்கெனவே சுரந்துவிட்டதை அவை அகற்றுவதில்லை. எனவே வலியின் முதல் சாயல் தெரியும்போதே, அல்லது இரத்தம் கண்டவுடனேயே, சாப்பிட்டுவிட்டு முதல் குளிசையைப் போட்டு, அதன்பின் வலி வரட்டும் என்று காத்திராமல் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நேரம் தவறாமல் தொடர வேண்டும். வளர்ந்தவர்களுக்கு இபுபுரோபன் 400 மில்லிகிராம் எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அல்லது மெபனமிக் அசிட் 500 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை என்பது வழமையான அளவு. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான அளவை வைத்தியரிடமோ பதிவுபெற்ற மருந்தாளரிடமோ கேட்டே கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. டைக்ளோபினாக் குளிசையையும் இவற்றோடு சேர்க்கக் கூடாது, ஏனென்றால் மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பரசிற்றமோல், அதாவது நாம் பனடோல் என்று சொல்வது, வேறு வகை. அதை இவற்றில் ஒன்றோடு சேர்த்துப் போடலாம். 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டும், 24 மணித்தியாலத்துக்கு எட்டும் என்ற எல்லையை வளர்ந்தவர்கள் தாண்டக் கூடாது.

வன்னியில் இந்தக் குளிசைகளைப் பற்றி மேலும் சில எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. வவுனியா மாவட்டம் உட்பட உலர் வலயத்தின் சில பகுதிகளில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. அந்த நோய் உள்ளவர்கள் இபுபுரோபன் வகைக் குளிசைகளைத் தாமாகப் போடவே கூடாது, குடும்பத்தில் அந்த நோய் இருப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டே போட வேண்டும். நாள் முழுவதும் வெயிலில் களை பிடுங்கி, தண்ணீரும் போதியளவு குடிக்காமல், வெறும் வயிற்றில் இந்தக் குளிசையைப் போடுவது நல்ல சிறுநீரகத்துக்கும் கேடு. மாரி காலத்தில் காய்ச்சலுடன் வலி வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பரசிற்றமோல் மட்டுமே போடலாம். மற்றவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. டெங்குக் காய்ச்சலின்போது மாதவிடாய் வழமையைவிட அதிகமாகப் போனால், அதுவே உடனடியாக வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அடையாளம். தொய்வு, குடற்புண், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து, கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும் வைத்தியரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது.

பெயர் எழுதாத கடதாசி உறையில் மூன்று நான்கு நிறக் குளிசைகளைக் கலந்து தரும் கடைகளை நான் முற்றாகத் தவிர்க்கச் சொல்வேன். என்ன போட்டோம் என்று வைத்தியரிடம் சொல்ல முடியாத மருந்தினால் நோயாளிக்குப் பாதி நன்மைதான்.

இவ்வாறு முறையாக மூன்று மாதச் சுற்றுகளுக்குப் போட்டுப் பார்த்தும் பாடசாலைக்கோ வேலைக்கோ போக முடியாதிருந்தால், அந்த வலியை இனிச் சாதாரணமானது என்று எடுத்துக்கொள்ளாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கலண்டரில் குறித்து வைத்தல்

வலியின் போக்கு மாறியதா என்பதை நினைவை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரே இதற்குப் போதும். இரத்தம் கண்ட நாட்களுக்கு ஒரு புள்ளியும், வலித்த நாட்களுக்கு ஒரு கோடும், வலியால் வேலை நின்ற நாட்களுக்கு இரட்டைக் கோடும் இட்டு, போட்ட குளிசைகளின் எண்ணிக்கையை ஓரத்தில் எழுதிவைக்கலாம். மற்றவர்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சம் இருந்தால் பாடக் கொப்பியின் கடைசித் தாளிலும் குறிக்கலாம்.

உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் கலண்டர் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தை மாதம் 9ஆம் திகதி இரத்தம் கண்டிருக்கிறது. 9ஆம், 10ஆம் திகதிகளில் மட்டும் கோடு இருக்கிறது. மாசியில் 7ஆம் திகதி இரத்தம் கண்டிருக்க, கோடுகள் 5ஆம் திகதியே தொடங்கி 9ஆம் திகதிவரை போகின்றன. பங்குனியிலும் 7ஆம் திகதிதான் புள்ளி, ஆனால் கோடு 3ஆம் திகதி தொடங்கி 11ஆம் திகதியில் முடிகிறது. அவற்றில் நான்கு நாட்களுக்கு இரட்டைக் கோடு. அந்தப் பிள்ளையிடம் கேட்டால் "எப்போதும் போலத்தான் வலிக்கிறது" என்றே சொல்லக்கூடும். கலண்டரோ வலி இரத்தப்போக்கைவிட்டு விலகி முன்னும் பின்னும் நீள்கிறது என்று காட்டுகிறது. வைத்தியர் தேடுவது அதைத்தான்.

நாட்களைக் கடத்தாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டிய வலி

இரத்தப்போக்குக்குப் பல நாட்களுக்கு முன்னரே தொடங்கும் வலி, இரத்தம் நின்ற பின்னரும் நீடிக்கும் வலி, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டு போகும் வலி ஆகியவற்றுக்கு அடிப்படையில் வேறொரு நோய் இருக்கக்கூடும். அவற்றுள் முதலில் நினைக்க வேண்டியது எண்டோமெற்றியோசிஸ். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற இழையம் சூலகத்திலும், கருப்பைக்குப் பின்புறத்திலும், குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் மேலும் வளர்ந்து, மாதந்தோறும் அங்கே அழற்சியையும் ஒட்டுதல்களையும் உண்டாக்கும் நோய் இது. உலகளவில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 வீதமானோருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ வலி எடுத்தாலும், உடலுறவின்போது உள்ளே ஆழத்தில் வலித்தாலும், திருமணமாகி ஒரு வருடம் கடந்தும் கருத்தரிக்கத் தாமதமானாலும் இந்த நோயை நினைத்துப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருந்தால் ஐயம் இன்னும் கூடுகிறது.

"கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் வார்த்தையால் இந்த நோய் உள்ள பெண்கள் பல வருடங்களை இழக்கிறார்கள். சாதாரண வலி சிலருக்குப் பிள்ளைப்பேற்றின் பின் குறைவது உண்மைதான். ஆனால் எண்டோமெற்றியோசிஸ் உள்ள பெண்ணுக்குப் பிள்ளை தங்குவதே சிரமமாக இருக்கலாம் என்பதனால், வயதுபோன ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்லும் அந்த மருந்து கைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கிறது. கலியாணம் எந்த நோய்க்கும் சிகிச்சையல்ல.

முன்னர் வலியே இல்லாதிருந்து 25 வயதுக்குப் பின்னர் புதிதாக வலி தொடங்குவதும் காட்ட வேண்டியதே. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ளவர்களுக்கு வலியோடு இரத்தப்போக்கும் கூடி, அடிவயிறு கனத்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தால் கருப்பையில் தசைக்கட்டிகள் இருக்கலாம், அல்லது கருப்பைச் சுவர் தடித்திருக்கலாம். கருத்தடைக்காகக் கருப்பைக்குள் லூப் வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் வலியும் இரத்தப்போக்கும் சற்றுக் கூடுவது வழமை; அதற்குப் பின்னரும் குறையாவிட்டாலோ, நூல் கைக்குத் தட்டுப்படாவிட்டாலோ குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும்.

இரத்தத்தின் அளவையும் வலியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஏழு நாட்களுக்கு மேல் நீடிப்பது, பத்து ரூபாய்க் குற்றியளவுக்கு அல்லது அதற்கு மேல் பெரிய கட்டிகள் போவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, ஒரே நேரத்தில் இரண்டு பாட் வைக்க வேண்டியிருப்பது ஆகியன அதிக இரத்தப்போக்கின் அடையாளங்கள். துணி பாவிப்பவர்கள் எத்தனை தடவை முற்றாக நனைந்து மாற்றினோம் என்று எண்ணிக்கொள்ளலாம். கிணற்றில் நாலு வாளி தண்ணீர் அள்ளுவதற்குள் மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால், கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருந்தால் இரத்தச்சோகை வந்திருக்கக்கூடும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். இரண்டு மாதவிடாய்க்கு இடையில் இரத்தம் படுவது, உடலுறவுக்குப் பின் படுவது, மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடத்துக்குப் பின் மீண்டும் படுவது ஆகியவற்றை வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

இன்னுமொன்றைத் தாய்மார் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மார்பு வளர்ச்சி முதலிய மாற்றங்கள் எல்லாம் வந்தும் இன்னும் பெரியபிள்ளையாகாத பிள்ளைக்கு மாதத்துக்கு ஒரு தடவை சில நாட்கள் அடிவயிறு கடுமையாக வலித்து அடங்குமானால், இரத்தம் வெளியேறும் வழி பிறப்பிலேயே அடைபட்டு உள்ளே தேங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். அடிவயிறு வீங்கியிருப்பதும் சிறுநீர் போகச் சிரமப்படுவதும் அந்த ஐயத்தைக் கூட்டும். கன்னிச்சவ்வு மூடியிருப்பதுதான் காரணம் என்றால் சிறிய சத்திரசிகிச்சையோடு முடிந்துவிடும். வலி இல்லாவிட்டாலும், 15 வயது முடிந்தும் பெரியபிள்ளையாகாதவர்களைக் காட்ட வேண்டும்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத வலி

மாதவிடாய் பிந்திப்போயிருக்கும் பெண்ணுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி எடுத்து, கொஞ்சமாக இரத்தமும் பட்டு, தலை சுற்றினாலோ மயக்கம் வந்தாலோ, கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கி அது வெடிக்கும் நிலையில் இருக்கலாம். உள்ளே கசியும் இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைத் தொடும்போது தோள்மூட்டின் நுனியில் வலி தெரியும். வயிற்று நோயாளி தோள் நோகிறது என்று சொன்னால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. பிந்தி வந்த மாதவிடாய் என்றே பலர் இதை நினைத்துவிடுவார்கள். பிள்ளை வேண்டாம் என்று எல்.ஆர்.ரி., அதாவது கருக்குழாய்களைக் கட்டி வெட்டும் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்ணுக்கும் அரிதாக இது வரும் என்பதால், "எனக்கு அதற்கு வழியே இல்லை" என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இது சில மணித்தியாலங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது.

வலி திடீரென்று, இந்த நிமிடம் தொடங்கியது என்று சொல்லும்படியாக ஒரு பக்கத்தில் வெட்டி இழுத்து, கூடவே வாந்தியும் நிற்காமல் வந்தால் சூலகம் முறுக்கிக்கொண்டிருக்கலாம்; தாமதித்தால் அந்தச் சூலகம் இரத்தமின்றி அழுகிப் போகும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது பக்கக் கீழ் வயிற்றுக்கு இறங்கி, நடந்தாலும் இருமினாலும் கூடுகின்ற வலி குடல்வால் அழற்சியாக இருக்கக்கூடும், மாதவிடாய் நாளில் அது வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. காய்ச்சலும் நடுக்கமும், நாற்றமுள்ள வெள்ளைபடுதலும் சேர்ந்த அடிவயிற்று வலி உள்ளுறுப்புகளில் தொற்று ஏற்பட்டதைக் காட்டும். அண்மையில் பிரசவமோ கருச்சிதைவோ நடந்தவர்களுக்கும், லூப் வைத்தவர்களுக்கும் இது இன்னும் அவசரமானது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் என்ற கணக்கில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து முழுவதும் நனைந்தாலும், கர்ப்பம் உறுதியான பின்னர் வலியும் இரத்தமும் வந்தாலும் அப்போதே புறப்பட வேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். உட்கிராமத்தில் இருந்து அழைப்பவர்கள் ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், பக்கத்தில் இருக்கும் பாடசாலை அல்லது கோயில் எது என்பதையும் சொல்லி, ஒருவரை ரோச் லைற்றுடன் சந்தியில் நிற்க வைக்க வேண்டும். அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் கிடைக்கும் வாகனத்தில் மிக அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போவதே சரி. அது சிறிய பிரதேச வைத்தியசாலையாக இருந்தாலும், நாளத்தில் சேலைன் ஏற்றி, தமது அம்புலன்சில் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றி அனுப்புவார்கள். மயங்கியவருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பது நம் ஊர்களின் உடனடி வைத்தியம். இந்த நிலையில் அதையும் இளநீரையும் தேநீரையும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், என்ன குளிசை போட்டார் என்பதைக் கூடப் போகிறவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எங்கே போவது, எப்படிச் சொல்வது?

அவசரமில்லாத வலிக்கு முதலில் அணுகக்கூடியவர் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். அவர் கர்ப்பிணிகளுக்கு மட்டும் உரியவர் என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளும் திருமணமாகாத பெண்களும் அவரிடம் கேட்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். அடுத்த படி, அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகளும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய இடங்களில் மாவட்டப் பொது வைத்தியசாலைகளும் இருக்கின்றன. பெண்நோயியல் நிபுணரின் கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கிறது என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி வீணாகாது. வெளிநோயாளர் பிரிவு வைத்தியரின் கடிதம் கையில் இருந்தால் கிளினிக்கில் பதிவது சுலபம்.

வைத்தியரிடம் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "சரியான வயிற்றுக்குத்து" என்று மட்டும் சொன்னால் ஒரு பக்கெற் குளிசையோடு திருப்பி அனுப்பப்படலாம். "கடைசி மாதவிடாய் பங்குனி 7ஆம் திகதி, வலி நான்கு நாள் முன்னரே தொடங்கியது, மெபனமிக் அசிட் மூன்று மாதம் மூன்று வேளையும் போட்டேன், குறையவில்லை, சென்ற மாதம் நான்கு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை" என்று சொல்லிக் கலண்டரைக் காட்டினால் அதே சில நிமிடங்களில் விடயம் வேறு திசையில் போகும். மிஸியிடம், அதாவது தாதியிடம், தனியாகச் சொல்ல வேண்டியது இருந்தால் அதற்கும் கேட்கலாம்.

திருமணமாகாத பிள்ளைகளைக் கூட்டிப் போகத் தாய்மார் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் உட்பரிசோதனை பற்றிய அச்சம். உடலுறவு அனுபவமில்லாதவர்களுக்கு வழமையாக வயிற்றின் மேலிருந்தே ஸ்கான் செய்வார்கள். அதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்பதனால், ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே நான்கைந்து கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, ஸ்கான் முடியும்வரை சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும்; இது தெரியாமல் போய், வரிசையில் மீண்டும் கடைசியில் நின்றவர்கள் பலர். எந்தப் பரிசோதனையும் சம்மதம் இல்லாமல் செய்யப்படக் கூடாது. ஆண் வைத்தியராக இருந்தால் பெண் தாதியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வைத்தியர் தாயைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிப் பிள்ளையிடம் தனியாகக் கேள்வி கேட்பதும், சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வதும் வழமையான நடைமுறைகள். அவற்றை அவமானமாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட வேண்டாம்.

வலிக்குக் கருத்தடை மாத்திரை எழுதித் தரப்படும்போதும் வீட்டில் குழப்பம் வருகிறது. அந்த மாத்திரை கருப்பை உட்படலத்தை மெலிதாக்கி, புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைக் குறைத்து, வலியையும் இரத்தப்போக்கையும் கட்டுப்படுத்துகிறது. அது பின்னாளில் பிள்ளை பெறும் ஆற்றலைக் கெடுப்பதில்லை. ஆனால் உயர் இரத்த அழுத்தம், கால் நாளங்களில் இரத்தக்கட்டி வந்த வரலாறு, கண் முன் ஒளிக்கீற்றுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலையிடி ஆகியவை உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்பதால், அயலில் இன்னொருவர் பாவிக்கும் அட்டையை வாங்கிப் போடுவது ஆபத்து.

ஸ்கானில் எல்லாம் சரி என்று ரிப்போட் வந்தால் பெரும்பாலானோர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கட்டிகளும் சூலகத்து நீர்க்கட்டிகளும் ஸ்கானில் தெரியும். ஆனால் எண்டோமெற்றியோசிஸின் சிறிய திட்டுகள் சாதாரண ஸ்கானில் தெரியாமல் போகலாம். ரிப்போட் சரியாக இருந்தும் வலி மாறாவிட்டால், "ஸ்கானில் தெரியாத காரணம் ஏதும் இருக்குமா, நிபுணரிடம் அனுப்ப முடியுமா?" என்று நேராகவே கேட்க வேண்டும். மருந்தைத் தொடங்கிப் பார்ப்பதா, வயிற்றில் சிறு துளையிட்டுக் கமராவினால் பார்ப்பதா என்பதை நிபுணர் தீர்மானிப்பார். எல்லா ரிப்போட்களையும், மருந்துச் சீட்டுகளையும், கலண்டரில் இருந்து எழுதிய குறிப்புகளையும் ஒரே கிளினிக் கொப்பியில் ஒட்டி வைத்திருந்தால், வைத்தியர் மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. அடுத்த கிளினிக் திகதி மூன்று மாதம் தள்ளிப் போடப்பட்டிருக்க, இடையில் வலி கூடினாலோ இரத்தம் அதிகமாகப் போனாலோ, அந்தத் திகதிக்காகக் காத்திராமல் கொப்பியை எடுத்துக்கொண்டு அதே வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் காலை முதல் பஸ்சிலேயே போய்விட வேண்டும்.